இரட்டித்தது மதிப்பா, விலையா?

"எட்டே ஆண்டுகளில் எங்கள் குழுமத்தின் மதிப்பு இரு மடங்காகிவிட்டது!"

ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், வழவழப்பான தாளில், தலைவரின் புன்னகை பூத்த படத்துக்குக் கீழே இப்படி அச்சிட்டிருக்கிறார்கள். பங்குதாரர்கள் கை தட்டுகிறார்கள். ஏடுகள் அதையே தலைப்பாக்குகின்றன. ஆனால் ஊதியப் பேச்சு தொடங்கும் நாளில், அதே நிறுவனத்தின் அதிகாரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "கச்சாப் பொருள் விலை ஏறிப்போச்சு, லாபம் எங்கேய்யா இருக்கு?" என்கிறார். முதல் பக்கத்தில் செழிப்பு, பேச்சு மேசையில் வறட்சி! இரண்டில் எது மெய் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு; கேட்பதற்குக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். விலைவாசி கொதிக்கும் காலத்தில், பல தொழில் நடத்தும் ஒரு பெரும் நிறுவனத்தின் உண்மை மதிப்பு வளர்ந்ததா இல்லையா என்று காண்பது எப்படி? பாட்டாளித் தோழருக்கு விளங்கும் வகையில் அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

தீப்பெட்டி சொல்லும் பாடம்

தடித்த பொருளாதார நூல் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் எந்தப் பெட்டிக்கடைக்குப் போனாலும் ஒரு தீப்பெட்டி கிடைக்கும். அது போதும்.

2007-ஆம் ஆண்டில் தீப்பெட்டியின் விலை 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆயிற்று. அதன்பின் 14 ஆண்டுகள் அந்த விலை அசையவே இல்லை. 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆனது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? நாட்டின் பொது விலைவாசி ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிட்டது. 2010-ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கு 12 என்ற அளவில் ஏறியது. 2021-இல் விலையை உயர்த்தியபோது உற்பத்தியாளர்கள் சொன்ன கணக்குப்படி, சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்குப் போயிருந்தது. மெழுகு 58 ரூபாயிலிருந்து 80 ரூபாய் ஆகியிருந்தது. அட்டை, குளோரேட், குச்சி எல்லாமே ஏறியிருந்தன.

விலை இரு மடங்கு! ஆனால் மதிப்பு? இரண்டரை ரூபாய் இருந்தால்தான் 2007-இன் ஒரு ரூபாய்க்குச் சமம் என்னும்போது, 2 ரூபாய் என்பது பழைய 80 காசுதான். "இரட்டித்துவிட்டது" என்று சொன்ன அதே நாளில், உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் உற்பத்தியாளர் கையை விட்டுப் போகும்போது 270 முதல் 300 ரூபாய். விலை ஏறிய பின் 430 முதல் 480 ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். வரியும் வண்டிக் கூலியும் தனி. கடையில் அந்த 600 பெட்டி முன்பு 600 ரூபாய்க்கு விற்றது, பின்பு 1,200 ரூபாய். கடை விலை நூற்றுக்கு 100 ஏறியபோது ஆலை விலை நூற்றுக்கு 60 மட்டுமே ஏறிற்று. வாங்குகிறவர் கொடுக்கும் ரூபாயில் முன்பு பாதிக்குச் சற்றுக் குறைவாக ஆலைக்கு வந்தது. பின்பு ஐந்தில் இரண்டு பங்குகூட முழுசாக வரவில்லை. மிச்சம் வரியிலும் போக்குவரத்திலும் மொத்த, சில்லறை வியாபாரத்திலும் கரைந்தது.

ஏன் இந்த நிலை? தீப்பெட்டிக்குக் காசு கணக்கில் விலை ஏற்ற வழியில்லை. 25 காசு நாணயம் 2011 ஜூன் 30-உடன் செல்லாததாயிற்று. 50 காசைக் கடைக்காரர் கையில் வாங்குவதில்லை. ஒரு ரூபாய்க்கு அடுத்த படி இரண்டு ரூபாய்தான். அந்தப் படி ஏறும்வரை, செலவு ஏறிய பாரமெல்லாம் ஆலையின் தலையிலும், ஆலை வழியாகப் பெட்டிக்குக் கூலி வாங்கும் தொழிலாளியின் தலையிலும் இறங்கிற்று. விலையைத் தன் விருப்பப்படி ஏற்ற முடியாத தொழிலை விலைவாசி எப்படி அரித்துத் தின்னும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

மூன்று மதிப்புகள்

ஒரு நிறுவனத்தின் மதிப்பு என்று பேசும்போது மூன்று வேறு பொருள்களை ஒரே சொல்லில் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, சந்தை விலை. பங்குச் சந்தையில் இன்று என்ன விலைக்குக் கை மாறுகிறது என்பது. ஆசைக்கும் அச்சத்துக்கும் ஏற்ப நாளொரு விலை.

இரண்டாவது, ஏட்டு மதிப்பு. சொத்துக்களின் கணக்கு விலையிலிருந்து கடன்களைக் கழித்தால் நிற்பது. இது பழைய செலவின் நினைவுச் சின்னம். பத்தாண்டுக்கு முன் வாங்கிய இயந்திரம் அன்றைய விலையில், தேய்மானம் கழித்து, ஏட்டில் நிற்கும்.

மூன்றாவதுதான் உண்மை மதிப்பு. தொழிலின் வலுவைக் குலைக்காமல், இனி வரும் காலமெல்லாம் உடையவர் எடுத்துக்கொள்ளக்கூடிய பணம் எவ்வளவு? அதை இன்றைய பண அளவுக்குக் குறைத்துப் பார்த்தால் வருவது எவ்வளவு? அதுவே உண்மை மதிப்பு. கரிசல் காட்டில் ஒரு கிணறு வெட்டினால், வெட்டிய கூலியா அதன் மதிப்பு? இல்லை. அது ஊறும் நீர்தான் மதிப்பு. அதிலும் தூர் வாரும் செலவு போக மிஞ்சும் நீர்தான் மதிப்பு.

விலைவாசி அமைதியாக இருக்கும் காலத்தில் ஏட்டு மதிப்பும் உண்மை மதிப்பும் அண்ணன் தம்பிபோல் அருகருகே நடக்கும். விலைவாசி ஏறும் காலத்தில் இரண்டும் பாதை பிரிந்துவிடும். பட்டாசு விலைப்பட்டியலில் ஆயிரம் ரூபாய் என்று அச்சிட்டு, எண்பது சதம் தள்ளுபடி என்று பக்கத்திலேயே போடும் வித்தை நம் பகுதிக்குப் புதிதல்ல. அச்சிட்ட ஆயிரத்தை யாரும் நம்புவதில்லை, கழித்துவிட்டுத்தான் பார்ப்போம். நிறுவனத்தின் ஏட்டையும் அப்படியே கழித்துப் பார்க்கக் கற்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து ஓர் எண்

இந்தக் கணக்கை மறைக்காமல் வெளியே சொன்ன முதலாளி ஒருவரும் உண்டு. அமெரிக்காவில் பெர்க்‌ஷயர் ஹாத்தவே என்ற நிறுவனம். நூல் துணி ஆலையாக இருந்ததை 1965-இல் வாரன் பஃபெட் தன் கைக்குக் கொண்டுவந்தார். பிறகு காப்பீடு, மிட்டாய், செய்தித்தாள் என்று பல தொழில் சேர்த்தார். 1964-இல் அதன் ஒரு பங்கின் ஏட்டு மதிப்பு 19.46 டாலர். 1979 முடிவில் 335.85 டாலர். ஆண்டுக்குக் கூட்டுவட்டிக் கணக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு 20.5 வளர்ச்சி. பதினேழு மடங்கு!

தம்பட்டம் அடிக்கப் போதுமான எண்தான். ஆனால் 1979-ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் பஃபெட் வேறொன்றை எழுதினார். கூரிய பார்வையுள்ள ஒருவர் சுட்டிக்காட்டியதாக அதைச் சொன்னார்: 1964-இல் ஒரு பங்கின் ஏட்டு மதிப்பைக் கொண்டு அரை அவுன்ஸ் தங்கம் வாங்கலாம், பதினைந்து ஆண்டு லாபத்தையெல்லாம் உள்ளேயே போட்டு உழைத்த பின்பும் அந்த மதிப்பைக் கொண்டு அதே அரை அவுன்ஸ் தங்கம்தான் வாங்கலாம்!

அப்படியானால் வளர்ச்சியே இல்லையா? இங்கேதான் தோழர்கள் நிதானிக்க வேண்டும். தங்கத்தின் விலையை அமெரிக்க அரசு 1971 ஆகஸ்ட் வரை ஓர் அவுன்ஸ் 35 டாலர் என்று கட்டி வைத்திருந்தது. கட்டை அவிழ்த்ததும் பாய்ந்தது. ஆகவே தங்கம் ஓர் அளவுகோல்தான், ஒரே அளவுகோல் அன்று. ரொட்டி, துணி, வாடகை ஆகியவற்றின் விலைக் குறியீட்டை எடுத்தால், அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் விலைவாசி ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆயிற்று. பதினேழு மடங்கை இரண்டரையால் வகுத்தால் ஏறத்தாழ ஏழு மடங்கு. தங்கத்தால் அளந்தால் பூச்சியம், ரொட்டியால் அளந்தால் ஏழு மடங்கு, வெறும் டாலரால் அளந்தால் பதினேழு மடங்கு. ஒரே நிறுவனம், ஒரே காலம், மூன்று விடைகள்! எந்த அளவுகோலால் அளந்தீர்கள் என்று சொல்லாமல் "வளர்ந்தோம்" என்று சொல்கிறவர் பாதியைத்தான் சொல்கிறார்.

உழைப்பவருக்கு ஏற்ற அளவுகோல் ரொட்டியும் அரிசியும்தான். நம் பஞ்சப்படியை எந்தக் குறியீட்டால் அளக்கிறார்களோ, அதே குறியீட்டால் அவர்கள் வளர்ச்சியையும் அளப்போம். இது நியாயமன்றோ?

மிட்டாய்க் கடையும் துணி ஆலையும்

விலைவாசி எல்லாத் தொழிலையும் ஒரேமாதிரி அடிப்பதில்லை. பெர்க்‌ஷயரின் இரண்டு தொழில்களை வைத்தே இதைக் காணலாம்.

1972-இல் சீஸ் என்ற மிட்டாய் நிறுவனத்தை 2 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்கள். கையால் தொட்டுக் காட்டக்கூடிய நிகரச் சொத்து 80 இலட்சம் டாலர்தான். ஆண்டு லாபம், வரி போக, 20 இலட்சம் டாலர். அதே 20 இலட்சம் லாபம் தரும் இன்னொரு சாதாரணத் தொழில், 1 கோடியே 80 இலட்சம் டாலர் சொத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நடக்கிறது என்று பஃபெட் ஒப்பிட்டுக் காட்டினார். இப்போது விலைவாசி இரு மடங்காகட்டும். இரண்டும் முன்போலவே நிற்க, லாபமும் இரு மடங்காகி 40 இலட்சமாக வேண்டும். சரக்கு, கடை, இயந்திரம் எல்லாம் இரட்டை விலை. மிட்டாய் நிறுவனம் கூடுதலாகப் போட வேண்டிய முதல் 80 இலட்சம். மற்றது போட வேண்டியது 1 கோடியே 80 இலட்சம். பெயரளவில் இரண்டின் வளர்ச்சியும் ஒன்றே. ஆனால் ஒன்று தன் உடையவருக்கு ஒரு கோடி டாலரைக் கூடுதலாக மிச்சம் வைக்கிறது. மற்றது அதையும் விழுங்கிவிட்டு நின்ற இடத்தில் நிற்கிறது.

துணி ஆலையின் கதை இன்னும் கசப்பானது. நியூ பெட்ஃபோர்டில் இருந்த அந்த ஆலையை 1985-இல் மூடினார்கள். இயந்திரங்களுக்கு மொத்தம் செலவிட்டது ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் டாலர். தேய்மானம் போக ஏட்டில் நின்றது 8 இலட்சத்து 66 ஆயிரம். ஏலத்தில் கிடைத்தது 1 இலட்சத்து 63 ஆயிரத்து 122 டாலர்! 1981-இல் ஒன்று 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகள், பழைய இரும்பாக ஒன்று 26 டாலருக்குப் போயின. ஏடு சொன்ன மதிப்பு எங்கே, மெய்யான மதிப்பு எங்கே! தறியோடு தறியாக அங்கே உழைத்தவர்களின் கைத்திறனுக்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை என்பதையும் நாம் மறக்கவில்லை.

மிட்டாயில் ஏட்டு மதிப்பு உண்மையைக் குறைத்துக் காட்டிற்று. தறியில் கூட்டிக் காட்டிற்று. ஆகவே பல தொழில் நடத்தும் குழுமத்தை ஒரே மூட்டையாக நிறுத்து மதிப்பிட முடியாது. கிளை கிளையாகப் பிரிக்க வேண்டும்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டையும் காண்போம். சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகள் 1923-இல் இந்தியாவில் நிறுவிய விம்கோ கம்பெனியின் பெயர், வடசென்னையில் விம்கோ நகர் என்று இன்றும் நிற்கிறது. அதே 1920-களில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பழகி வந்து சிவகாசியில் கைத்தொழிலாகத் தீப்பெட்டியைத் தொடங்கினர். இயந்திரக் கம்பெனியான விம்கோ 2005-இல் ஐ.டி.சி. குழுமத்தின் கைக்கு வந்தது. சிகரெட், காகித அட்டை, மாவு, ஊதுபத்தி, தீப்பெட்டி என்று கிளை பரப்பிய குழுமம் அது. சிறு ஆலைகளில் செய்த தீப்பெட்டியையும் தன் முத்திரையிட்டு விற்றது. குச்சி ஒன்றுதான், ஆனால் குச்சி செய்கிறவரின் மதிப்பு வேறு, முத்திரையும் கடை வலையும் வைத்திருப்பவரின் மதிப்பு வேறு. அந்தக் குழுமத்தின் ஓட்டல் தொழிலை 2025 ஜனவரி 1-இல் தனி நிறுவனமாகப் பிரித்தார்கள். நூற்றுக்கு 60 பங்கு நேராகப் பங்குதாரர்களிடம், ஏறத்தாழ 40 பங்கு தாய் நிறுவனத்திடம். நிலமும் கட்டடமும் தின்னும் தொழில் ஒன்று, சிறு முதலில் பெரும் பணம் கொட்டும் தொழில் ஒன்று. இரண்டையும் ஒரே மொத்தக் கணக்கில் கட்டி வைத்தால் எது எதைத் தாங்குகிறது என்று தெரியாது. பிரித்து எழுதினால் தெரியும்.

நீதிமன்றத்தில் ஒரு கணக்கு

"விலைவாசியைக் கழித்துப் பார்க்கும் கணக்கெல்லாம் தொழிற்சங்கக்காரருக்கு எதற்கு?" என்று யாராவது கேட்டால், "அதை எங்களுக்குக் கற்பித்ததே முதலாளிமார்தான்" என்று பதில் சொல்வோம்.

1950-இல் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளரின் போனஸ் வழக்கில், தொழிலாளர் மேல்முறையீட்டு மன்றத்தின் முழு ஆயம் ஒரு சூத்திரம் வகுத்தது. மொத்த லாபத்திலிருந்து தேய்மானம், வருமான வரி, பங்கு முதலுக்கு நூற்றுக்கு 6, தொழிலில் ஈடுபட்ட கையிருப்பு நிதிக்கு அதனினும் குறைந்த வட்டி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். அத்தோடு 'புனரமைப்பு' என்று இன்னொரு கழிவும் உண்டு. அது என்ன? பழைய இயந்திரத்தைப் பழைய விலையில் மீண்டும் வாங்க முடியாது, புது விலை கொடுத்தாக வேண்டும். அதற்காக லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்பது. எல்லாம் போக மிஞ்சியதில்தான் தொழிலாளியின் போனஸ்.

1959-இல் அசோசியேட்டட் சிமெண்ட் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கை விரிவாக ஆராய்ந்தது. இயந்திரம் வாங்கிய காலத்து விலை இன்று எத்தனை மடங்கு ஆகியிருக்கிறது என்று ஒரு பெருக்கும் எண். இயந்திரம் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று ஒரு வகுக்கும் எண். பெருக்கும் எண் பெரிதானால் கழிவு பெரிதாகும், போனஸ் சிறிதாகும். அந்த எண்ணைப் பெரிதாக்க முதலாளிகள் தரப்பு மல்லுக்கு நின்றது. போனஸ் தரும் உபரியே இல்லை என்ற முடிவுக்கு வழக்குகளைக் கொண்டுபோக இந்த ஒரு கழிவே பல இடங்களில் போதுமானதாக இருந்தது. பின்னர் மெஹர் தலைமையிலான போனஸ் கமிஷன் புனரமைப்புக் கழிவை விட்டுவிட்டது. அதன் வழியில் 1965-இல் வந்த போனஸ் சட்டம் குறைந்த அளவு முதலில் 4 சதவிகிதம், பின்னர் 8.33 சதவிகிதம், உச்ச அளவு 20 சதவிகிதம் என்று வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அந்தச் சட்டம் அடங்கிவிட்டது. இந்த இரண்டு எல்லைகளும் தொடர்கின்றன.

நாம் நேர்மையாகவே சொல்லுகிறோம்: புது இயந்திரத்துக்குப் புது விலை வேண்டும் என்ற கணக்கு பொய்யன்று. கணக்கு மெய்தான். அதை எங்கே எடுப்பது, எங்கே ஒளிப்பது என்பதில்தான் சூழ்ச்சி. போனஸ் மேசையில், "விலைவாசியைக் கழியுங்கள், எங்கள் லாபம் லாபமே அல்ல" என்பது. பங்குதாரர் மன்றத்தில், விலைவாசியைக் கழிக்காமலே, "மதிப்பு இரட்டித்தது" என்பது. இரண்டு நாக்கு எதற்கு? ஒரு கணக்கு போதாதா?

கணக்கர் சபைகளும் இதைத் திருத்த முயன்றதுண்டு. பிரிட்டனில் 1975-இல் சாண்டிலாண்ட்ஸ் குழு அறிக்கை தந்தது; 1980-இல் விலைவாசியைக் கணக்கில் கொள்ளும் கணக்குமுறையைப் பெரிய நிறுவனங்களுக்கு விதியாக்கினார்கள். அமெரிக்காவில் 1979-இல் அதுபோன்ற விதி வந்தது. விலைவாசி சற்றுத் தணிந்ததும், 1980-களுக்குள்ளேயே இரு நாடுகளிலும் கட்டாயம் போய்விட்டது. காய்ச்சல் தணிந்ததும் மருந்துச் சீட்டைக் கிழித்தெறிந்தார்கள்!

நம் பணமும் அங்கேதான்

"குழுமத்தின் மதிப்பு வளர்ந்தால் என்ன, தேய்ந்தால் என்ன? நமக்கு ஊதியம்தானே?" என்று எண்ணும் தோழர்களும் இருக்கலாம். அந்தக் காலம் போய்விட்டது. 2015 ஆகஸ்ட் முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் புதுப் பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில் போடப்படுகிறது. முதலில் நூற்றுக்கு 5, பின்னர் 15 வரை. விஸ்வநத்தத்தில் அச்சகத்திலோ பட்டாசு ஆலையிலோ பி.எப். பிடித்தம் உள்ள தோழரின் பணமும், அந்தக் குறியீடுகளில் உள்ள பெருங்குழுமங்களின் பங்குகளில் இருக்கிறது. நாம் ஊதியம் வாங்குகிறவர் மட்டுமல்லர். நம்மைக் கேட்காமலே சிறு பங்காளியும் ஆக்கப்பட்டவர்கள்.

விலைவாசி நம் சேமிப்பை என்ன செய்யும் என்பதற்கு 1974 சாட்சி. 1973-இல் நுகர்வோர் விலை ஏறத்தாழ நூற்றுக்கு 17, 1974-இல் ஏறத்தாழ 28 என்று ஏறியது. அந்த ஆண்டுகளில் வைப்பு நிதிக்குக் கொடுத்த வட்டி நூற்றுக்கு ஆறு, ஆறரை. அதே 1974-இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு, கூடுதலாக வரும் பஞ்சப்படியில் பாதியையும் ஊதிய உயர்வு முழுவதையும் கட்டாய வைப்பாகப் பிடித்தது. பின்னர் தவணையில் திருப்பியது. கம்பெனிகளின் பங்காதாயத்துக்கும் வரம்பு கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள்: கொடுக்காத பங்காதாயம் கம்பெனிக்குள்ளேயே தங்கி, கம்பெனியின் சொத்தைப் பெருக்கிற்று. கொடுக்காத பஞ்சப்படியோ, அந்த மாதம் உலையில் ஏறாத அரிசி.

கடனையும் நினைவில் வையுங்கள். நீண்ட காலத்துக்குக் குறித்த வட்டியில் கடன் வாங்கிய நிறுவனம், விலைவாசி ஏறும்போது மலிந்த ரூபாயில் திருப்பித் தருகிறது. உடையவருக்கு அது மெய்யான லாபம். யார் பணத்தில்? வங்கியில் சிறுகச் சிறுகச் சேமித்தவர் பணத்தில். குழுமம் வளர்ந்தது என்று சொல்லும்போது, அந்த வளர்ச்சியில் எவ்வளவு உழைப்பால் வந்தது, எவ்வளவு கடன்காரர் இழப்பால் வந்தது என்பதையும் பிரிக்க வேண்டும்.

ஐந்து கேள்விகள்

இனி, ஆண்டறிக்கை கைக்கு வந்தால் சங்கத் தோழர்கள் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை வரிசைப்படுத்துவோம்.

ஒன்று: ஒரு பங்குக்கு எவ்வளவு? மொத்த மதிப்பு பெருகியது புதுப் பங்கு விற்று வந்த பணத்தாலா, தொழில் ஈட்டியதாலா? பிறர் பணத்தைப் பெட்டியில் போட்டால் பெட்டி கனக்கும். அதற்கு வளர்ச்சி என்று பெயரில்லை. அதேபோல் இடையில் கொடுத்த பங்காதாயத்தைச் சேர்த்துப் பார்ப்பதும் நேர்மை.

இரண்டு: விலைவாசி போக எவ்வளவு? ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆயிரம் கோடி எட்டாண்டில் இரண்டாயிரம் கோடி ஆயிற்று. ஆண்டுதோறும் விலைவாசி நூற்றுக்கு 8 ஏறினால், எட்டாண்டில் 100 ரூபாய்ப் பொருள் 185 ரூபாய் ஆகும். இரண்டாயிரத்தை 1.85-ஆல் வகுத்தால் 1,080 கோடி. பங்காதாயம் நீங்கலாக, எட்டாண்டு உழைப்பின் மெய் வளர்ச்சி நூற்றுக்கு எட்டு. ஆண்டுக்கு ஒன்றுகூட இல்லை! கழித்தல் கணக்கு போதாது, வகுத்தல் கணக்கே சரி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 12 சதம் வளர்ச்சி, 8 சதம் விலைவாசி என்றால் மிச்சம் நான்கல்ல. மூன்றே முக்காலுக்கும் சற்றுக் குறைவு.

மூன்று: சரக்கு லாபம் எவ்வளவு? பட்டாசுத் தொழிலில் ஆண்டு முழுக்கச் செய்து தீபாவளிக்கு விற்கிறோம். 100 ரூபாய்க்கு வாங்கிய அலுமினியப் பொடியும் வெடியுப்பும் காகிதமும் சேர்ந்து ஆன சரக்கு, கூலியும் பிறவும் தனியாக ஈடுகட்டிய பின் 130 ரூபாய் தந்தது என்று கொள்வோம். ஏட்டில் லாபம் 30. அடுத்த ஆண்டுக்கு அதே கச்சாப் பொருள் 125 ரூபாய் என்றால், தொழில் நடக்க 25 ரூபாய் அப்படியே திரும்பிப் போக வேண்டும். மெய் லாபம் 5. தேய்மானத்துக்கும் இதே கணக்கு: பழைய விலையில் தேய்மானம் எழுதினால் லாபம் ஊதிக் காட்டும்.

நான்கு: கிளைவாரியாக எவ்வளவு? ஒவ்வொரு தொழிலும் எவ்வளவு முதலைப் பிடித்திருக்கிறது, அதில் என்ன ஈட்டுகிறது, விலையைத் தானே ஏற்ற வல்லதா, ஏற்றியபின் விற்பனை நின்றதா சரிந்ததா? வலுத்த கிளையின் பணம் எந்த மெலிந்த கிளைக்குப் போகிறது? கிளைகளின் மதிப்பைக் கூட்டி, தலைமையிடத்துக் கடனைக் கழித்தால் குழுமத்தின் உண்மை மதிப்புக்கு அருகில் வரலாம். பைசா சுத்தமாக வராது. ஒரு எல்லைக்குள் வரும். எல்லையே நமக்குப் போதும்.

ஐந்து: அதே காலத்தில் கூலி எவ்வளவு? அதே குறியீட்டால் வகுத்து, எட்டாண்டுக்கு முந்திய கூலியோடு ஒப்பிட வேண்டும். பெட்டிக்கு, பண்டலுக்கு, குரோஸுக்குக் கிடைக்கும் கூலியையும் இப்படியே வகுத்துப் பார்க்க வேண்டும். பங்கின் மெய் மதிப்பு ஏறி, கூலியின் மெய் மதிப்பு இறங்கியிருந்தால், வளர்ச்சி யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போயிற்று என்பதை விளக்கத் தேவையில்லை. இரண்டுமே இறங்கியிருந்தால், தொழிலே தேய்கிறது. அப்போது சங்கம் கேட்க வேண்டியது கூலி உயர்வை மட்டுமன்று, தொழிலை எப்படிக் காப்பாற்றப் போகிறீர்கள் என்ற திட்டத்தையும் சேர்த்துத்தான். இதைச் சொல்லத் தயங்கும் சங்கம், நியூ பெட்ஃபோர்டு ஆலை மூடிய நாளின் நிலைக்குத் தன் தோழர்களைக் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்த ஐந்தில் எதற்கும் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ஆண்டறிக்கை இருக்கிறது, அரசு வெளியிடும் விலைக் குறியீடு இருக்கிறது, வகுத்தல் தெரிந்த ஒரு தோழர் எல்லாக் கிளையிலும் இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை சங்க அலுவலகக் கரும்பலகையில் இரண்டே வரி எழுதுங்கள். விலைவாசி போக நிறுவனத்தின் ஒரு பங்கு எவ்வளவு வளர்ந்தது என்பது முதல் வரி. விலைவாசி போக ஒரு நாள் கூலி எவ்வளவு வளர்ந்தது என்பது இரண்டாம் வரி. அந்த இரண்டு வரியோடு பேச்சு மேசைக்குப் போகும் சங்கத்திடம், பளபளக்கும் தாளின் முதல் பக்கத்தைக் காட்டி யாரும் ஏமாற்ற முடியாது.